பெட்டைதான் காரணம் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்

யாரும் கேட்காத சங்கதியை ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்குச் சர்க்கார் கொடுக்கும் சம்பளத்துக்குப் பேர்தான் கோழி வளர்ப்பு டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லிப் பக்கம் அந்த வேலை பார்த்தவன் நான். உங்களில் ஊர் ஊராக அம்மை குத்தும் உத்தியோகம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் என் வலி புரியும்.

மாப்பிள்ளை மேல் பழி

சைக்கிளின் பின்னால் கூடையில் சீமைச் சேவலோடு போவேன். நாட்டுக் கோழியோடு அதைச் சேர்த்தால் குஞ்சுகள் நிறைய முட்டையிடும் என்பது மேலிடத்து நம்பிக்கை. பாரிவாக்கத்தில் குப்புசாமி என்ற விவசாயி ஒருநாள் வழிமறித்தார். பொரித்த குஞ்சுகளில் பாதிக்குக் கழுத்தில் மயிரில்லையாம். என் சேவலுக்குச் சொறி என்பது அவர் கட்சி.

அவருடைய கோழியைக் கொண்டுவரச் சொன்னேன். அதன் கழுத்தும் மொட்டை. “இந்தக் குணம் தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். குஞ்சு ஆணா பெண்ணா என்றும் பார்க்காது. இங்கே தாயிடமிருந்து வந்திருக்கிறது” என்றேன். அவர் கோழியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இது எங்கூட்டுப் பொண்ணு மாதிரி சார். பழி உங்க மாப்ளை மேலயே இருக்கட்டும்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்

நூம்பல் கிராமத்து முனியம்மாவுக்கு ஒரே மகன் ஏகாம்பரம். மருமகள் அஞ்சலைக்கு வரிசையாக மூன்று பெண் குழந்தைகள். அவர்கள் வீட்டு அடைக்கோழிக்குப் பதினொரு முட்டை கொடுத்திருந்தேன். தகப்பன் சிவப்புச் சேவல், தாய் வரிவரியான சீமைப் பெட்டை. ஒன்பது பொரித்தன, எல்லாமே கறுப்பு.

உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்த நான்கும் சேவல், மற்ற ஐந்தும் பெட்டை என்று பிரித்துக் காட்டினேன். கூட்டம் வாயைப் பிளந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “தாயின் வரி மகன்களுக்கு மட்டுந்தான் போகும். அதன் அடையாளம்தான் பொட்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதே பெட்டைதான், சேவலுக்கு அதில் பங்கே இல்லை” என்று அளந்தேன். முனியம்மா திரும்பி மருமகளைப் பார்த்தார்.

“கேட்டுக்கினியாடி? சர்க்காரே சொல்லிச்சி. இனிமே எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்தா எவனும் என்னைக் கேக்கக் கூடாது.”

பந்தயம்

மறுவாரம் போனபோது திருமழிசையில் பெண்ணே பார்த்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்வில் மண்ணைப் போட்ட பாவி ஆகிவிட்டேனே என்று நொந்து போனேன். மனிதர் விஷயம் நேர்மாறு, அங்கே தீர்மானிப்பது புருஷன்தான் என்று மன்றாடினேன். “கோழிக்கு ஒரு நாயம், மன்சாளுக்கு ஒரு நாயமா? இவ ஊட்ல உனக்கு இன்னா விருந்து வச்சாங்க நைனா?” என்றார் முனியம்மா.

குஞ்சு வளரட்டும், ஒன்று தப்பினாலும் உங்கள் இஷ்டம், ஒன்பதும் சரியாக இருந்தால் புருஷன்தான் காரணம் என்ற என் இரண்டாவது பேச்சையும் நம்ப வேண்டும் என்றேன். பொட்டு இருந்த நான்கின் காலிலும் முனியம்மாவே சிவப்பு நூல் கட்டினார். நான் சைக்கிளை எடுக்கும்போது அஞ்சலை பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டாள்.

“பருந்து தூக்கினு பூட்டா இன்னா சார் கணக்கு?”

தீர்ப்பு

இரண்டரை மாதம் அந்த ஒன்பதையும் அஞ்சலை கண்ணில் வைத்துக் காத்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. கெடு முடிந்ததும் போய்ப் பார்த்தேன். நூல் கட்டிய நான்குக்கும் உடம்பெல்லாம் வரி, சிவந்த கொண்டை. ஒன்று கரகரவென்று கூவப் பழகிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்தும் வரியில்லாத கறுப்புப் பெட்டைகள்.

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் நழுவப் பார்த்தான். முனியம்மா ஒவ்வொன்றையும் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்போ மாத்தறதுன்னா இவனத்தான் மாத்தணும். பெத்து முப்பது வருசம் ஆயிப்போச்சே, இனிமே இவன யார்கிட்ட குட்த்து மாத்தறது?”

என் காலத்தில் பூந்தமல்லி வட்டாரத்தில் முட்டை கூடியதாக எவரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டாவது பெண்டாட்டி வராமல் பார்த்துக்கொண்டேன், வாங்கிய சம்பளத்துக்கு அது போதாதா?