பம்ப் இல்லாத கால்வாய்

முப்பத்தோரு வருடம் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போட்டவன் நான். தண்ணீர் மேலே ஏற மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும் என்பதுதான் நான் அறிந்த வேதம். ஓய்வுபெற்ற பிறகு ஒரு மத்தியானம் செல்போனில் பனாமா கால்வாய் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். பெரிய கப்பல் ஒன்று ஓர் அறைக்குள் நுழைகிறது. கதவைச் சாத்துகிறார்கள். மேலே இருக்கும் ஏரியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி அறையை நிரப்ப, கப்பல் மிதந்தபடியே உயர்கிறது. இப்படி அறை அறையாக எண்பத்தைந்து அடி ஏறிவிடுகிறது. பம்ப் எங்கே என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். பம்பே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் நான் எதை வரைந்துகொண்டிருந்தேன்?

கட்டிப் பார்த்தால்தான் நம்புவேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"கட்டுங்க. ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாமுங்க," என்றாள்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி அண்ணனுக்கு. பாகம் பிரித்தபோது பண்ணைக்குட்டை என் பக்கம் வந்தது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது அதில் பிடித்து வைத்துக்கொள்வோம். அம்மாவின் கல்யாண அண்டாவும் எனக்கே வந்தது. அண்டாவால்தான் அண்ணன் என்னோடு பேசுவதில்லை என்று ஊரில் சொல்வார்கள். குட்டையால்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. போன கோடையில் அவருடைய போர் வற்றி, புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் வாடுவதை வேலியிலிருந்தே பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவுமில்லை. சோறு உண்ணும்போது அந்தக் கன்றுகள் நினைவுக்கு வரும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த நிலையில்தான் கால்வாய் கட்ட ஆரம்பித்தேன். நிலம் அண்ணன் பக்கமாகச் சரிவதால் வேறு திசைக்கு வழியில்லை. குட்டையிலிருந்து வேலி வரை படிப்படியாக மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டில் நீளம். கொத்தனார் மாட்டுத் தொட்டி என்று நினைத்துக்கொண்டே கட்டினார், நானும் திருத்தவில்லை. கதவுதான் அருமையான பாகம். இரண்டு பலகைகளும் தண்ணீரை எதிர்த்துக் கூம்பினாற்போல் சேர வேண்டும். அப்போது தண்ணீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுகும். என்னையும் அண்ணனையும் சமாதானம் பண்ணச் சொந்தக்காரர்கள் வந்தபோதெல்லாம் இதேதான் நடந்தது.

சாயங்காலங்களில் பனாமாவின் கதையை மனைவிக்குச் சொல்வேன். முதலில் வந்த பிரெஞ்சுக்காரர்கள், சூயஸ் மணலில் வெட்டியதுபோலவே மலையையும் கடல்மட்டத்துக்கு வெட்டிவிடலாம் என்று இறங்கினார்கள். வெட்ட வெட்ட மண் சரிந்து மூடியது. போதாக்குறைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். அதிலேயே கொசு முட்டையிட்டு நோயாளிகளைக் கடித்தது. பின்னால் வந்த அமெரிக்கர்கள் கொசுவை ஒழித்தார்கள், ஆற்றை அணைகட்டி மேலே ஏரியாக்கினார்கள், கப்பலை அந்த ஏரிக்கு ஏற்றினார்கள். மனைவி எழுந்துபோய், தண்ணீர்த் தட்டில் நின்ற கருப்பட்டி டப்பாவை எடுத்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

மறுவாரமே கொசுப்புழு பார்க்கும் பெண் வந்துவிட்டார். இரண்டாவது தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்ன தொட்டிங்க?"

"பனாமா கால்வாய்ங்க."

"மூடி போட்டு வையுங்க," என்று சொல்லி மருந்து ஊற்றிவிட்டுப் போனார்.

அண்டாவில் இருபது தேங்காய் ஏற்றிக் குட்டையில் மிதக்கவிட்டேன். அதுதான் கப்பல். முதல் அறை, இரண்டாவது அறை, மூன்றாவது அறை என்று ஆடாமல் அசையாமல் வேலி வரை இறங்கியது. பிறகு அதேபோல் ஏறியும் வந்தது. பம்ப் இல்லை, கரண்ட் இல்லை. நான் குழந்தை மாதிரிக் கைதட்டினேன். அதன்பின் தினமும் நாலு தடவை கப்பல் போய் வந்தது.

மூன்றே வாரத்தில் மனைவி வந்து நின்றாள். "ஏனுங்க, குட்டைத் தண்ணி ஒரு மொழம் எறங்கிப்போச்சுங்க. அண்டாவுக்கு அத்தன தாகமாங்க?"

அப்போதுதான் உறைத்தது. கப்பல் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் ஒரு தொட்டித் தண்ணீராவது கீழே போய்விடும். பனாமாவிலும் அப்படித்தான், ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிறது, மழை பொய்த்தால் கப்பல்களைக் குறைக்கிறார்கள். பம்ப் வரைந்தவனுக்குத் தண்ணீர் மேலே வருவதில்தான் கண். கடைசியில் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கப்பலை நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"ஏனுங்க, ரெண்டு நாளாக் கப்பலக் காணமுங்களே?"

அவருக்குப் பின்னால் பார்த்தேன். வாடிக்கிடந்த கன்றுகளெல்லாம் புதுக்குருத்து விட்டிருந்தன. என் கடல் அங்கேதான் இருந்திருக்கிறது.

"உடறேனுங்ணா," என்றேன்.

"அண்டா சின்னதுங்க. எங்கூட்ல பெரிய உருளி கெடக்குது. அத உட்டாத் தண்ணி சேத்தி வருமுங்களே?"

வராது. கப்பல் பெரிதானாலும் சிறிதானாலும் போகிற தண்ணீர் அறையின் அளவுதான். விளக்கம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "கொண்டாங்கண்ணா," என்றேன்.

தலையில் சுமந்து வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குட்டையில் இறக்கினோம். உருளி முதல் கதவிலேயே சிக்கிக்கொண்டது. அரையடி அகலம் அதிகம். அண்ணன் கதவைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இந்தக் கதவு எதுக்குங்க?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. ஸ்பானரை எடுத்து வந்து மூன்று கதவுகளையும் கழற்றினேன். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். இப்போது குட்டையின் வாயை அடைத்து ஒரே ஒரு வால்வு வைத்திருக்கிறோம். வாரத்தில் எந்தெந்த நாள், எவ்வளவு நேரம் என்று மனைவியும் அண்ணியும் பேசி முடிவு செய்தார்கள். திறப்பதும் மூடுவதும் அண்ணன்தான்.