சாவு வீட்டில் ஒரு கூச்சல்

எங்கள் வோஸ் ஊர்ப் பக்கத்தில் பீர் காய்ச்சுகிறவன், புளிக்கவைக்கிற ஈஸ்டைப் பார்லிச் சாற்றில் போடும்போது தொண்டை கிழியக் கத்துவான். கத்தாவிட்டால் கெட்டது ஏதாவது உள்ளே புகுந்துவிடும், பீர் புளிக்காது. சாவு வீட்டிலோ சவத்தை எடுக்கும்வரை யாரும் குரலை உயர்த்தக் கூடாது. இரண்டும் ஒரே அடுப்படியில் மோதிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

செத்தவர் பக்கத்துப் பண்ணை ஷூர். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டு ஈஸ்டில் காய்ச்சிய பீர்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் அந்த வீடே முடிந்தது என்று ஊர் பேசும். ஷூர் இரண்டு வருடம் படுத்த படுக்கை. ஈஸ்ட் துணியில் காய்ந்து உத்தரத்தில் தொங்கிக் கிடந்தது. அதில் உயிர் இருக்கிறதோ இல்லையோ, யார் கண்டது? அவர் மனைவி குன்வோர் அக்கா முப்பது வருடம் அடுப்புக்கு விறகு தள்ளியவள். ஈஸ்டைத் தொட மட்டும் அவளை யாரும் விட்டதில்லை.

அன்று கிண்ணத்தில் கறந்த பால் சூட்டில் பார்லிச் சாறு ஊற்றிவிட்டு அந்தத் துணியை எடுத்தாள். ஷூரின் தம்பி தோர்ஷெல் வந்து நின்றான். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"எதுக்கு அண்ணி வீண் வேலை? அது அண்ணனோடயே போயிருச்சு. டவுன்ல பாக்கெட் ஈஸ்ட் வாங்கி நானே ரெண்டு பீப்பாய் காய்ச்சிட்டேன்."

"உன் பீரை நீயே குடி."

"சரி, போட்டுப் பாருங்க. ஆனா கத்திக்கித்தித் தொலைக்காதீங்க. உள்ள பொணம் கிடக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"நீ கத்து அக்கா! இவன் யாரு கேக்க?" என்றேன்.

காய்ந்த ஈஸ்ட் பொருக்குகள் சாற்றில் விழுந்தன. அக்கா தலையைத் தூக்கி, "வெளிய போடா!" என்று போட்டாள் ஒரு கூச்சல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தோர்ஷெல் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான்.

"கெட்டதைச் சொன்னியா, அவனைச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"யாருக்குப் பொருந்துதோ அவங்க எடுத்துக்கட்டும்."

பிறகு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சாறு அசையவில்லை. அக்கா கிண்ணத்தைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் நிமிடத்துக்கொரு தடவை கம்பளியை விலக்கிப் பார்த்தேன். கத்தச் சொல்லித் தூண்டிவிட்டவள் நான்தானே! நான்காவது மணி நேரத்தில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை விளிம்புவரை ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து தோர்ஷெல் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு நுழைந்தான், அண்ணி சாவு வீட்டில் கத்தினாள் என்று புகார் சொல்ல. அக்கா எழுந்துபோய், நுரை வழியும் கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மூச்சு நின்னது என் புருஷனுக்குத்தான்டா. இந்த வீட்டுக்கு இல்ல."