மேற்குச் சரிவில் கொள்ளு

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அக்காள் புடவை, அடுத்த வீட்டு மாடி, கூடப் படித்தவளின் கார் என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. ஆனால் ஒரு மண் சரிவைப் பார்த்து வயிறு எரிந்தது அந்த ஐப்பசியில்தான்.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, மலையடியில், ஒரு ஷூ கம்பெனிக்குக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தோம். நான் சைட் இன்ஜினியர். மலையோரத்தை வெட்டிச் சமன் செய்த இடம் அது. வெட்டிய செம்மண்ணில் புல்பூண்டு கிடையாது, ஒரு மழை போதும், கரைந்து கீழே ஓடிவிடும். கீழே ஏரிக்குப் போகிற கால்வாய். அதைத் தாண்டினால் வேர்க்கடலை நிலம். முந்தின வருஷம் எங்கள் மண் இறங்கிக் கால்வாய் தூர்ந்துபோய், ஊர்க்காரர்கள் கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அதனால் இந்த முறை மேனேஜர் சரிவை இரண்டாகப் பிரித்தார். கிழக்குப் பக்கம் எனக்கு, மேற்குப் பக்கம் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியருக்கு. “யார் பக்கம் மண்ணு நிக்குதோ அவங்களுக்குத்தான் ரெண்டாவது பில்டிங். இன்னொருத்தரு ஓசூர் சைட்டுக்குப் போவணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டு ஓசூரில் ரூம் எடுத்துத் தங்க என்னால் முடியாது. எனக்கு அந்த இரண்டாவது பில்டிங் வேண்டும்.

புதியவன் ஆம்பூர்க்காரன், தோல் பதனிடும் டேனரிக் குடும்பம். என்னைவிட ரொம்பச் சின்னவன். வந்த அன்றைக்கே என்னை அக்கா என்றான். மேடம் என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். ஷூ கம்பெனி முதலாளி பாய் சைட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் உருதுவில் பேசிச் சிரிப்பார்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் பிறந்த எனக்கு அவர்கள் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான் புரியும். அவன் அவருக்கு ‘பேட்டா’, மகன். நான் ‘இன்ஜினியரம்மா’. அந்த ‘அம்மா’வில் இருந்த மரியாதை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் பக்கம் எல்லாம் டிராயிங்படி செய்தேன். சரிவின் அடியில் மண்தடுப்பு வலையை முழங்கால் உயரத்துக்குக் கட்டி, அதன் கீழ்விளிம்பை மண்ணுக்குள் புதைத்தேன். லாரி டயரில் ஒட்டிய சேறு ரோட்டுக்குப் போகாமலிருக்க வாசலில் பெரிய ஜல்லி பரப்பினேன். கலங்கல் தண்ணீர் தேங்கித் தெளிந்து போக ஆழமாய் ஒரு வண்டல் குழி எடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குழி, ஒரு பச்சை வலை, கொஞ்சம் கல். அவ்வளவுதான். யாரும் நின்று பார்க்கவில்லை.

அவன் சரிவு முழுக்கக் கொள்ளு விதைத்து மேலே வைக்கோல் பரப்பினான். தூறலிலேயே முளைத்துவிட்டது. வேர் பிடித்தால் மண் நகராது என்பது நிஜம்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தாள் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாய் டீ கிளாசோடு அங்கேயே போய் நின்றார். லாரி டிரைவர்கூட போட்டோ எடுத்தான். என் குழியை எவன் போட்டோ எடுப்பான்?

“இன்னாக்கா, சாப்ட்டீங்களா?” என்று தினமும் கேட்பான். “ஆச்சு” என்பேன். ஆகியிருக்காது.

அடைமழை நெருங்கியதும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கச் சரிவின் குறுக்கே அவன் மண்மூட்டைகளை வரிசையாக அடுக்கினான். ஒரு டெம்போ நிறையப் பழைய சாக்குகள் வந்திறங்கின. அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தால், ஒவ்வொரு மூட்டை வரிசைக்குக் கீழேயும் கொள்ளு நுனி கருகி வெளுத்துக் கிடந்தது. அவன் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளிக்க ஆள் தேடினான். நான் ஒரு சாக்கைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க டேனரியில் போடுகிற உப்பு வந்த சாக்குகள். வேறு ஊரில் சாக்கு வேண்டுமென்றால் சிமெண்ட் சாக்குதான் வரும். எங்கள் பக்கம் உப்புச் சாக்குதான் முதலில் கைக்கு அகப்படும். உப்பு இறங்கிய மண்ணில் பயிர் நிற்காது என்று எங்கள் கழனியில் எல்லோருக்கும் தெரியும். டேனரிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சாக்கு வெறும் சாக்கு.

அப்போதே அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பாய் வரட்டும் என்று காத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் காத்திருந்தேன்.

பாய் வந்தார். மேனேஜரும் வந்தார். எல்லோர் முன்னாலும் ஒரு சாக்கின் ஓரத்தை நக்கிக் காட்டினேன். “பூச்சி இல்லைங்க, உப்பு. இதே மாதிரி கால்வாய்க்கு இறங்குனா கீழ இருக்கிற கடலையும் போய்டும். உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும்” என்றேன். கடைசி வாக்கியத்தை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

அவன் முகம் சிறுத்துப்போனது. “என் தப்புதான் பாய். கழுவிப் போட்டிருக்கணும்” என்றான்.

“இன்னா பேட்டா உன் தப்பு?” என்றார் பாய். என் பக்கம் திரும்பினார். “அது நம்ம டேனரிச் சாக்குதாம்மா. சும்மா கெடக்குது, எடுத்துக்கோன்னு நான்தான் குடுத்தேன்.” சொல்லிவிட்டு அவன் தோளில் கை போட்டு அப்படியே நடத்திக் கூட்டிப்போனார். நான் வாயில் உப்போடு நின்றேன்.

சாக்குகளை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். புதுச் சாக்கு வருவதற்குள் மழை வந்துவிட்டது. பகலெல்லாம் நின்று பெய்தது. மூட்டையும் இல்லாமல் பாதிப் பயிரும் கருகிய மேற்குச் சரிவு சிவப்பாக வழிந்து இறங்கியது. நான் ஆட்களைக் கூட்டிப்போய்க் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை என் குழிக்குத் திருப்பினேன். அவனுக்காக இல்லை. கேட்டை மறிக்க வருகிறவர்களுக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாது. அவனும் என் பக்கத்தில் நின்று வெட்டினான். குழி விளிம்பு வரை நிரம்பியது. மண் அடியில் தங்கி, மேல்தண்ணீர் மட்டும் வடிந்து போனது. கால்வாய்க்கு எங்கள் மண் போகவில்லை.

“அக்கா, நீங்க இல்லன்னா என் மானம் போயிருக்கும்” என்றான், நனைந்த தலையோடு. மனதாரச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது பில்டிங் எனக்கு வந்தது. வீட்டில் மகள் குதித்தாள். அவன் ஓசூர் கிளம்பிய அன்று சைட்டில் வேலையே நடக்கவில்லை. பாய் வீட்டிலிருந்து பெரிய தேக்சா நிறையப் பிரியாணி வந்தது. சித்தாள் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி அவன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ரோடு வரை போனார். நான் தட்டோடு ஓரமாக நின்று, இந்த ஊரை விட்டு நான் போயிருந்தால் இவர்களில் யார் அழுதிருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஜெயித்தவள் நான். வயிறு எரிந்ததும் எனக்குத்தான்.

பஸ் போன பிறகு பாய் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“ரெண்டாவது பில்டிங் இனிமே உங்க பொறுப்பு, இன்ஜினியரம்மா” என்றார். “அவன் இருந்தா எப்படிப் பாத்துக்குவானோ, அப்படிப் பாத்துக்கோங்க.”

“சரிங்க பாய்” என்றேன்.