துண்டுச் சோர்வு

ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் எலியக்கா. நாள்பட்ட சோர்வுக்கு ஒரு மூலிகை வேர் மருந்தாகுமா என்று எலிகளைக் கேட்டுச் சொல்வது வேலை. எலிகளோ வாய் திறப்பதில்லை. அதனால் கண்ணாடித் தொட்டியில் நீந்தவிடுவார். அசையாமல் மிதந்தால் சோர்வு என்று அர்த்தம். உடனே வெளியே எடுத்துவிடுவார். இதே அளவுகோலை வைத்தால் கணக்குப் பிரிவில் ஒருவரும் தேறமாட்டார்கள்.

வாலில் சிவப்பு மை பூசியவர்களுக்கு வேர்ச்சாறு. நீல மைக்காரர்களுக்கு வெறும் தண்ணீர். சாறு பலித்தால் எலியக்காவின் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் வேரும் அவரும் ஒரே கதவு வழியாக வெளியே.

முடிவு வந்தது. மருந்து குடித்த சிவப்பு வால்கள்தான் முதலில் ஓய்ந்தன.

"என்னம்மா, சோர்வுக்கு மருந்து கேட்டா தூக்கத்துக்குக் கண்டுபிடிச்சிருக்கே?" என்றார் பேராசிரியர்.

மறுநாள் எலியக்கா தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு சிவப்பு வால் ஜோராக இரண்டு சுற்று நீந்தியது. அவர் முகத்தைப் பார்த்தது, தோளைப் பார்த்தது, சட்டென்று பிணம்போல் மிதந்தது. தோளில் கிடந்தது துண்டு.

அவருக்கு விளங்கிவிட்டது. சாறு படுகசப்பு. பாவமே என்று சிவப்பு வால்களை மட்டும் வெதுவெதுப்பான துண்டில் சுற்றி, காதோரமெல்லாம் தேய்த்துத் துவட்டிவிடுவார். நீல வால்களுக்கு ஒரு உதறல்தான். நீச்சலை நிறுத்தினால் துண்டு வரும் என்று சிவப்பு வால்கள் கற்றுக்கொண்டுவிட்டன.

வாயை மூடிக்கொண்டால் வேலை மட்டும் போகும்; திறந்தால் பேரும் சேர்ந்து போகும். ஆனால் ஒரு பாவமும் அறியாத வேர்மேல் பழி போட மனசு வரவில்லை. போய்ச் சொல்லிவிட்டார்.

பேராசிரியர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, எலிக்கு மசாஜ் பண்ணவா உன்னை எடுத்தேன்?"

"தப்புதான் சார். முதல்லேர்ந்து செய்யணும். எல்லாருக்கும் ஒரே துவட்டல்."

"செய்யணும்னா ஆள் வேணுமே! ஒப்பந்தத்தை நீட்டித் தொலைக்கறேன், போ."

மூலிகையால் முடியாததை முட்டாள்தனம் சாதித்தது.

வீட்டுக்கு வந்தவர் சோபாவில் கைகால் பரப்பி அசையாமல் கிடந்தார். போனிலேயே கதை முழுக்கக் கேட்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்குச் சமையல் உன் முறை."

அசைவில்லை.

"நிஜச் சோர்வா, துண்டுச் சோர்வா?"

ஒரு கண் மட்டும் திறந்தது.

"துண்டு வெதுவெதுன்னு இருக்கா?"