மேட்டு வீட்டுக்காரரின் படலை

ஒஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில், அம்மருட் பக்கமாக நாங்கள் குடியிருக்கும் இடத்துக்கு அஞ்சல் இலக்கம் ஒன்றுதான். ஆனால் ஊர் இரண்டு. கீழே மாடிக் கட்டடங்கள். மின்தூக்கிக்குள் குப்பை போடுவது பற்றி ஐந்து மொழிகளில் எச்சரிக்கை. மேலே ஆப்பிள் மரங்கள், வெள்ளைப் பலகை வீடுகள். தபாற்பெட்டிகளில் 'விளம்பரம் வேண்டாம்' என்ற ஒரேயொரு எச்சரிக்கை. இரண்டு ஊராரும் நேருக்கு நேர் சந்திப்பது கடையில் வெற்றுப் போத்தல் போடும் இயந்திரத்தின் முன்னால் மட்டுமே. அங்கேயும் வரிசையில் நிற்பதால் முதுகைத்தான் பார்க்கிறோம்.

தேர்தல் வரும்போதெல்லாம் ஒரு பத்திரிகையாளர் கீழே வருவார். பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேட்பார். ஓம் என்போம். ஏமாற்றத்தோடு திரும்பிப் போவார். எங்கள் தமிழ் ஆட்களில் சிலர் மேலே வீடு வாங்கிப் போனார்கள். போன மறு வருடமே கீழேயுள்ள பள்ளிக்கூடம் சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே படித்துத்தான் வைத்தியரானார்கள்.

இரண்டு ஊரையும் இணைப்பது ஒரு கல் படிக்கட்டு. அதன் மேற்பாதி ஒரு முதியவரின் காணி மூலையால் போகிறது. யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை, அவர் படியின் நடுவே பூட்டுப் போட்ட படலைக் கதவு ஒன்று வைக்க விண்ணப்பிக்கும் வரை.

என் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண் அந்த விண்ணப்பக் கடிதத்தின் பிரதியோடு என் கதவைத் தட்டினார். வயது ஐம்பதுக்குச் சற்று மேல். மேட்டுக்கு அப்பால் இருக்கும் வயோதிபர் இல்லத்தில் வேலை. பதினொரு வருடம் துண்டு துண்டாக வேலை செய்து, அந்த வருடம்தான் நிரந்தர இடம் கிடைத்திருந்தது. நிபந்தனை, வார இறுதியில் காலை ஏழு மணி முறைக்கு நிற்க வேண்டும். படியால் ஏறினால் பத்து நிமிடம். படி இல்லையென்றால் மலையைச் சுற்றும் பஸ். ஞாயிற்றுக்கிழமை முதலாவது பஸ் போய்ச் சேரும்போது ஏழரை.

"அண்ணை, நீங்கள் எழுதினா அவை கேப்பினம்தானே?"

"கேக்காமல் எங்கை போறது? நீர் போய் நிம்மதியா நித்திரை கொள்ளும்."

முப்பது வருடம் ஒஸ்லோ நகரசபைக் கந்தோர் ஒன்றில் கோவைகள் பார்த்தவன் நான். ஆட்சேபனைக்கு எத்தனை நாள், எந்தப் பிரிவு, எந்தப் பெட்டி என்பதெல்லாம் தூக்கத்திலும் தெரியும். நீண்டகாலப் பாவனை உரிமை பற்றி ஒன்பது பக்கம் எழுதினேன். வசதியுள்ளவர்கள் ஒரு நாட்டை எப்படிப் படிப்படியாகப் பூட்டுகிறார்கள் என்று ஒரு பந்தியும் சேர்த்தேன். அது தேவையில்லாத பந்தி. எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

பதில் நாலு வரியில் வந்தது. நான் குடியிருப்பவனே தவிர, சட்டப்படி அயலவன் அல்ல. அயலவர் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம். சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை. அந்த வசனத்தை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். வாங்கிப் பார்ப்பது முதல் தடவை.

சங்கத் தலைவரும் யாழ்ப்பாணத்தார்தான். கீழே சைக்கிள் அறையில் அவரைப் பிடித்தேன்.

"ஆட்சேபனை இல்லையெண்டு நீரே கையெழுத்து வைச்சனீர்?"

"ஓம். மனுசன் தன்ர காணியிலை படலை போடுறான். எங்களுக்கென்ன?"

"வாசிச்சுப் பாத்தனீரே?"

"அண்ணை, எங்கட அப்பு ஒரு முழ வேலிக்காகப் பதினெட்டு வருசம் கோட்டுக்கு அலைஞ்சவர். சித்தப்பரோடை கதை பேச்சில்லை, செத்த வீட்டுக்கும் போகேல்லை. நான் பிளேன் ஏறேக்கை நினைச்சனான், இனி ஒருத்தன்ரை வேலிக்கும் மறிப்பு எழுதிறேல்லையெண்டு. இஞ்சையும் வந்து வேலிச் சண்டை பிடிக்கச் சொல்லுறியளே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வேலி வழக்கு இல்லாத குடும்பம் இருந்தால் அதற்குக் காணி இல்லை என்று அர்த்தம். அந்த வழக்கிலிருந்து தப்பி வந்த ஒருவர், வாழ்க்கையிலேயே மறிக்க வேண்டிய ஒரேயொரு வேலிக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறார். மேன்முறையீடு எழுத மூன்று வாரம் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணை, அந்த மனுசனிட்டை ஒருக்கா நேரை போய்க் கேட்டாலென்ன?"

அப்படி ஒரு படிமுறை இல்லை என்றேன்.

"இல்லாட்டி என்ன, கதவு இருக்குத்தானே? வாங்கோ."

வேலை முடிந்து வந்த உடுப்போடு அவர் முன்னால் ஏறினார். நான் ஒன்பது பக்கத்தையும் உறையில் போட்டுக்கொண்டு பின்னால். இத்தனை வருடத்தில் மேட்டுப் பக்கத்துக் கதவு ஒன்றையும் நான் தட்டியதில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

கதவைத் திறந்தவருக்கு எண்பது தாண்டியிருக்கும். தடித்த கம்பளிக் காலுறை. என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். நோர்வே மொழியில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"உன்னை எனக்குத் தெரியும். காலையிலே போகிறவள். நீ போனால்தான் நான் கோப்பி போடுவேன். முழங்கால் எப்படி?"

"எந்த முழங்கால்?" என்றேன் நான்.

அந்தப் பெண் நிலத்தைப் பார்த்தார். போன மாசி மாதம், பனி இறுகிய ஒரு காலையில், அந்தப் படியில் விழுந்திருக்கிறார். ஒருவருக்கும் சொல்லவில்லை. நிரந்தர இடம் தரும் நேரத்தில் காலில் கோளாறு என்று தெரிந்தால் யோசிப்பார்கள் என்ற பயம். முதியவர் குசினி யன்னலால் பார்த்திருக்கிறார். அவர் சப்பாத்தைத் தேடிப் போடுவதற்குள், அந்தப் பெண் எழும்பி நொண்டியபடி போய்விட்டாராம்.

"படியைத் துப்புரவாக்க என்னால் முடியவில்லை," என்றார் அவர். "முன்பு என் மனைவியும் நானும் செய்தோம். இப்போது ஒவ்வொரு காலையும் யன்னலில் நின்று, இன்றைக்கு விழுவாளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பூட்டிவிட்டால் சுற்றிப் போவாய், பத்திரமாகப் போவாய் என்று நினைத்தேன்."

"சுற்றிப் போனால் ஞாயிறு வேலை போய்விடும்," என்றார் அந்தப் பெண்.

"அது எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லவில்லையே."

என் கையில் உறை இருந்தது. வசதியுள்ளவர்கள் பற்றிய பந்தி ஐந்தாம் பக்கத்தில். உறையைக் கோட்டின் உட்பைக்குள் மெதுவாகச் செருகப் பார்த்தேன். முதியவர் கவனித்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, மின்சார பில் என்றேன். முப்பது வருடச் சேவையில் நான் சொல்லாத பொய்.

கோப்பி தந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற எந்தப் படிவம் என்று கேட்டார். அதற்குப் படிவம் வேண்டாம், ஒரு வரி போதும் என்றேன். இந்த நாட்டில் ஒரு வரியில் முடியும் காரியங்களில் அதுவும் ஒன்று என்று எனக்கு முன்பே தெரியும். இன்னொருவருக்கு நல்லது செய்ய அந்த அறிவு பயன்பட்டதில் மனம் நிறைந்தது.

பிறகு நடந்தது எல்லாம் வேலைதான். கைப்பிடிக் கம்பி போடச் சங்கத் தலைவர் ஆள் பிடித்தார். வேலி இல்லை, கம்பிதான் என்பதால் மிகுந்த உற்சாகம். இலையுதிர் காலத்தில் வைக்கும் துக்னாட் என்ற கூட்டு வேலை நாளில், இந்த முறை கீழ் ஊரும் மேல் ஊருமாகப் படியிலிருந்த பாசியைச் சுரண்டினோம். கீழேயிருந்து ஒரு சட்டி நிறைய வடை போனது. மேலேயிருந்து வாஃபில் வந்தது. ஒவ்வொரு பக்கமும் மற்றதில் சீனி, உப்பு சரியில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது. இரண்டு ஊரும் ஒன்றாகிவிடவில்லை. அப்படி ஆகுமென்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. குளிர்காலத்தில் பனிமேல் சிறுகல் தூவுவதற்கு ஒரு முறைப் பட்டியல் போட்டோம். எழுதியது நான், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளை வேறு ஒருவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

முதல் பனி விழுந்த ஞாயிறு, ஆறரைக்குச் சிறுகல் வாளியோடு படியில் நின்றேன். முதியவர் யன்னலைத் திறந்தார்.

"அது என்ன, முட்டைக்கு உப்புப் போடுகிறாயா? அள்ளிப் போடு."

அள்ளிப் போட்டேன். கீழேயிருந்து அந்தப் பெண் வந்தார்.

"அண்ணை, இந்தக் குளிருக்கை ஏன்? காதை மூடுங்கோ."

"நீர் பாத்து ஏறும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர் கடைசிப் படியைத் தாண்டி இல்லத்துப் பாதையில் திரும்பும் வரை நானும் அசையவில்லை, யன்னலும் மூடவில்லை. பிறகு உள்ளேயிருந்து கோப்பி மணம் வந்தது. அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த படியைச் சுட்டிக் காட்டினார். அங்கே இன்னும் கல் விழவில்லை.