பொன்னுலிங்கத்தின் கழுத்து

இரணியலில் ரயில் நிலையத்துக்குத் திரும்புகிற சாலையில் பொன்னுலிங்கத்தின் சலூன் இருக்கிறது. முதல் நாற்காலியில் அவர் வேலை செய்வார். அடுத்ததில் சிஜின், முப்பது தாண்டியவன், நல்ல வேலைக்காரன். முடி வெட்ட எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொன்னுலிங்கத்திடம் ஆட்கள் வந்தது கழுத்துச் சொடக்குக்காக.

வெட்டி முடித்ததும் தலையில் எண்ணெய் வைத்துப் பிசைவார். பிறகு ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில். உட்கார்ந்திருப்பவர் மூச்சை வெளியே விடும்வரை காத்திருப்பார். மூச்சு முடிகிற இடத்தில் ஒரு திருப்பு. ‘டக்’ என்று கேட்கும். பிறகு மறுபக்கம். இந்தத் தொழிலில் பலர் இதை அவசரமாகச் செய்துவிடுவார்கள். அவர் சார்ஜாவில் ஒரு சலூனில் இருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரின் கையைக் கவனித்துத் தானாகப் பழகியவர். அவசரம் அவருக்குப் பிடிக்காது.

நாள் முழுக்க நின்று, குனிந்து செய்கிற வேலை. அவருக்கும் கழுத்து வலிக்கும். மத்தியானம் ஆள் இல்லாதபோது தன் நாற்காலியிலேயே சாய்ந்து, “ஏலே சிஜின், ஒண்ணு எடுத்து விடு” என்பார். சிஜின் எடுப்பான். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும்.

போன வருடம் அவருடைய வலது கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. கத்தி பிடியில் இருக்கிறதா, நழுவுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. ஒருவருக்குக் காதுக்குக் கீழே கீறிவிட்டது. குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒன்று கால்வரை இறங்கியது. எங்கோ நரம்பு பிடித்திருக்கிறது என்று நினைத்தார். அதற்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னும் பலமாகத் திருப்பும்படி சிஜினிடம் சொன்னார்.

அப்படித் திருப்பிய ஒரு மத்தியானம் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். நினைவு இருந்தது, பேச்சும் இருந்தது. கையும் காலும் மட்டும் அவருடையவையாக இல்லை. சிஜின் கத்திக்கொண்டே ஆட்டோ பிடித்து வருவதற்குள் கால்விரல்கள் மெல்ல அசைந்தன.

நாகர்கோவிலில் ஸ்கேன் படங்களைப் பார்த்த டாக்டர் லட்சுமிப்ரியா, மேசையில் இருந்த பிளாஸ்டிக் எலும்புகளைக் கையில் எடுத்துக் காட்டினார். தலை உட்காரும் முதல் கழுத்தெலும்பு ஒரு வளையம். இரண்டாம் எலும்பிலிருந்து ஒரு முளை எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கும். திருகையின் மேல்கல் நடுமுளையைச் சுற்றுவதுபோல, தலை அதைச் சுற்றித் திரும்புகிறது. முளைக்குப் பின்னால்தான் தண்டுவடம். பொன்னுலிங்கத்துக்கு அந்த முளை அடியெலும்போடு ஒட்டியிருக்கவில்லை. கூழாங்கல் மாதிரி தனியாக நின்றது.

“எப்பம் ஒடிஞ்சுது டாக்டர்?”

“இப்ப ஒடிஞ்ச மாதிரி இல்ல. ஓரமெல்லாம் உருண்டையா இருக்கு. பிறவியிலயே சேராம இருந்திருக்கலாம், இல்ல சின்ன வயசுல அடிபட்டிருக்கலாம். சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிடும். ஆமா, கழுத்தைத் திருப்பினது யாரு?”

சிஜின் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“நான் சொல்லித்தான் அவன் செய்தான். நானும் ஊருக்கெல்லாம் செய்யியேன்.”

“ஊருக்கெல்லாமா?”

அவருடைய மனைவி ஜெயபாய் குறுக்கே வந்தாள். “அதுக்காக்கும் கடைக்கு ஆளே வருது டாக்டர். இவரு முடி வெட்டுக லெட்சணத்துக்கு ஒருத்தன் வரமாட்டான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு எலும்புகளையும் திருகாணி போட்டுச் சேர்க்க வேண்டும், இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து நடுவில் வைக்க வேண்டும் என்றார். இப்படியே விட்டால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினாலே போதும், மறுபடி கைகால் போகலாம், மூச்சும் போகலாம்.

“சேத்தா கழுத்து திரும்புமா?”

“பாதிதான் திரும்பும்.”

“கை?”

“இனி மோசமாகாம இருக்கத்தான் ஆபரேஷன். போனது எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது.”

இன்னொன்றும் இருந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று இடப்பக்கம் வழக்கத்தைவிட மேலேறி, எலும்புக்குள் வளைந்து போயிருந்தது. அந்தப் பக்கம் நீளத் திருகாணி போட்டால் குழாயைத் துளைத்துவிடும். அதனால் அங்கே மட்டும் எலும்பின் பின்தகட்டில் வேறு விதமாகப் போட வேண்டும். பொன்னுலிங்கம் அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொல்லிப் பார்த்தார்.

உடனே சம்மதிக்கவில்லை. தலையைச் சாய்க்காமல், திருப்பாமல் முடிதிருத்துகிறவன் உண்டா? ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட கழுத்துப்பட்டையோடு கடைக்குப் போய், சிஜினை நாற்காலியில் உட்கார வைத்து, பிளேடு இல்லாத கத்தியால் மழித்துப் பார்த்தார். கழுத்து திரும்பாத இடத்துக்கெல்லாம் கால் நடந்தது. நாற்காலியைச் சுற்றி வந்தால் எல்லாப் பக்கமும் எட்டியது. ஆனால் கத்தி இரண்டு தடவை கீழே விழுந்தது.

ஜெயபாயிடம், “கழுத்து இல்லாம வேலை செய்யலாம் கேட்டியா. கை இல்லாம முடியாது. வெட்டச் சொல்லு” என்றார்.

“கழுத்த வெட்டச் சொல்லணுமோ? நல்லாச் சொல்லுங்கோ, அந்த டாக்டர் பிள்ள பயந்திரும்.”

ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது. எலும்பு சேரும்வரை பட்டை கழுத்திலேயே இருந்தது. பட்டையைக் கழற்றச் சொன்ன பிறகு, சார்ஜாவில் புதிதாகச் சேர்ந்தபோது செய்ததையே செய்தார். பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, கத்தியால் வழித்தார். வீட்டில் பலூன்கள் வெடித்தன. “பக்கத்து வீட்டுல யாருக்குப் பிறந்தநாளுன்னு கேக்காவ” என்றாள் ஜெயபாய். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் உணர்வு வந்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி மரத்தே இருந்தன. அந்த இரண்டு விரலை நம்பிக் கத்தியைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார். ஒருநாள் பலூன் முழுக்க வழித்தும் வெடிக்கவில்லை.

மறுபடி கடைக்கு வந்ததும் ஷேவுக்கு முதலில் முகம் கொடுத்தவர் வாழைக்குலை வியாபாரி நாராயணபெருமாள். பல வருடப் பழக்கம். “வெட்டுனா வெட்டும்வே. எனக்க முகத்துல இனி கெடுகதுக்கு என்ன இருக்கு” என்று சாய்ந்தார். பொன்னுலிங்கம் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தொண்டைமேட்டில் கத்தி வந்தபோது சிஜின் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கீறல் விழவில்லை. படிகாரத்துக்கு வேலை இல்லை.

நாராயணபெருமாள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். “கொள்ளாம். இனி சொடக்க எடும்.”

“அது இனி இல்ல அண்ணாச்சி.”

“ஒமக்கு முடியாட்டா இவன் எடுக்கட்டு.”

“இவனும் எடுக்க மாட்டான். எனக்க கழுத்துக்குள்ள இப்பிடி ஒண்ணு இருக்குன்னு எனக்கே தெரியல்ல. ஒம்மக் கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு நான் எப்பிடி அறிய?”

“இத்தன வருசம் எடுத்தீரே, எனக்கு வல்லதும் ஆச்சா?”

“ஆவல்ல. அதத்தான் படுத்துக் கெடந்து யோசிச்சேன். எத்தன கழுத்து! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாம இருந்தது எனக்க கையோட சாமர்த்தியம்னு நெனச்சிருந்தேன்.”

நாராயணபெருமாள் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டார். “அப்பம் நான் தக்கலைக்குப் போறேன். அங்க எடுப்பான்” என்று முறைப்பாக வெளியேறினார்.

“ஆளு குறையும் அண்ணே” என்றான் சிஜின் மெதுவாக.

“குறையும்” என்றார் பொன்னுலிங்கம். உடம்பையே வாசல் பக்கம் திருப்பி, பெஞ்சில் காத்திருந்தவரைப் பார்த்தார். “வாரும். முடியா, ஷேவா?”