நீளமாக்கும் ஆபரேஷன்: கேட்டுவரக் கோவைக்கு ஒரு நாள்

ஆணுறுப்பை நீளமாக்கும் ஆபரேஷனுக்கு என் கணவர் ஒரு கிளினிக்கில் நாள் குறித்துவிட்டார். கல்யாணமாகி எட்டு மாதம். குறித்த பிறகுதான் என்னிடம் சொன்னார். வேறு டாக்டர் ஒருவரையும் கேட்டுவிடலாம் என்று நான் கெஞ்சியதால் போன சனிக்கிழமை கோவைக்குக் கிளம்பினோம். இணையத்தில் தேடினால் விளம்பரங்கள்தான் வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன், பெயர் போடாமல்.

எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் காலை ஏழு மணிக்கு டவுன் பஸ். திருப்பூரில் மாறி, அவிநாசி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒன்றேமுக்கால் மணி நேரம். அவர் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஏனுங்க, காத்து வேணுங்களா, வேண்டாங்களா?" என்றார் முன் சீட்டுக்காரர்.

சிறுநீரக டாக்டருக்கு ஃபீஸ் எழுநூறு ரூபாய். காத்திருப்பு இரண்டு மணி நேரம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். உறுப்பை இடுப்பெலும்போடு பிடித்திருக்கும் நாரை வெட்டுவார்களாம். உள்ளே இருப்பது கொஞ்சம் வெளியே தொங்கும். புதிதாக எதுவும் வளராது. பிறகு மாதக்கணக்கில் கருவி மாட்டி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் தழும்பு இறுகி முன்பைவிடக் குட்டையாகவும் ஆகலாம்.

கண்டக்டரிடம் சில்லறை கேட்கவே தயங்குகிற நான் கேட்டேன்: "அப்புறம் பழையபடி நிக்குங்களா?"

"நிக்கும். ஆனா பிடிமானம் இருக்காதும்மா, ஆடும்."

எப்படி அளந்தீர்கள் என்று அவரைக் கேட்டார் டாக்டர். பனியன் கம்பெனியில் என் கணவருக்குத் தைத்த துணியை அளந்து பார்க்கும் செக்கிங் வேலை. துணியை இழுக்காமல், டேப்பை அழுத்தாமல் அளப்பதுதான் அவருக்குத் தெரிந்த முறை. இதையும் அப்படியே அளந்திருக்கிறார்.

"இத இழுத்துத்தாங்க அளக்கணும். ஸ்கேல எலும்பு வரைக்கும் அழுத்தணும்," என்று டாக்டர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அளந்து பார்த்தால் சாதாரண அளவுதான்.

திரும்பும்போது அவிநாசிக்குப் பக்கத்தில் கிளினிக்கிலிருந்து போன். "நீயே சொல்லீரு அம்மணி," என்று என்னிடம் நீட்டினார். ஆபரேஷன் வேண்டாம் என்றேன். எந்த ஆபரேஷன் என்று கேட்டாள் போனில் பேசிய பெண். பஸ் நிறையக் கூட்டம். அவளுக்குக் கேட்கும்படி ஆபரேஷனின் முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்கள் நாள் குறிப்பதற்கு முன்பே சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். இருவருமாகப் போங்கள். அளவு சரி என்று தெரிந்ததும் மனசு அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். அவருக்கு இன்னும் அடங்கவில்லை. அடுத்த மாதம் பேசுவதற்கென்றே எங்களை வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ரயிலில் போகலாம் என்கிறார் இவர். அதில் எழுந்து நடக்கலாமாம்.